மூன்றாவது பைட் யாருடைய பொறுப்பு?

சென்ற மாதம் தில்லியில் ஆய்வு மாணவர்களின் சிறு கூட்டம் ஒன்றில், களப்பணிக்கான கருவிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. கணினியியல் பயிலும் நண்பர் ஒருவர் மிக இயல்பாகச் சொன்னார்: "சின்னச் சில்லுக்கான எச்டிடிபி நூலகத்தில் வெப்சாக்கெட் சேர்ப்பது இருநூறு வரி வேலை. யுடிஎஃப்-8 சரிபார்ப்பெல்லாம் அங்கே ஆடம்பரம்." அவையில் எவரும் மறுக்கவில்லை. மொழியியல் படித்த நானும் வாய் திறக்கவில்லை. தேநீர் குடித்துக் கலைந்துவிட்டோம். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதலில், பொருள் தெரியாதவர்களுக்காக. எச்டிடிபி என்னும் நெறிமுறையில் கேட்டால்தான் பதில் கிடைக்கும். உலாவி கேட்கும், வழங்கி விடை தரும், அவ்வளவே. வழங்கி தானாக முதலில் வாய் திறக்க வழியில்லை. புதிய செய்தி வந்ததா, வந்ததா என்று உலாவி நொடிக்கொருமுறை கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2008 வாக்கில் வெப்சாக்கெட் என்ற பெயரும் வடிவமும் உருவாயின. 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற ஆவணமாக அது நிலைபெற்றது. வழக்கமான எச்டிடிபி வேண்டுகோளாகவே தொடங்கி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டதும் அதே இணைப்பைத் திறந்தபடி வைத்துக்கொண்டு இருபுறமும் விருப்பம்போல் பேசிக்கொள்ளும் ஏற்பாடு இது.

தொடக்கத்தில் நடக்கும் இந்த ஒப்புதலைக் 'கைகுலுக்கல்' என்பார்கள். உலாவி 16 தற்செயல் பைட்டுகளை பேஸ்64 வடிவில் அனுப்பும். வழங்கி அதனுடன் ஆவணத்தில் குறித்துள்ள மாறாத சரம் ஒன்றை ஒட்டி, எஸ்எச்ஏ-1 கணக்கிட்டு, மீண்டும் பேஸ்64 ஆக்கி, 101 என்ற விடையெண்ணுடன் திருப்பும். இதைச் செய்ய இருநூறு வரிகூட வேண்டாம். நண்பர் சொன்ன கணக்கு அதுவரை சரியானதே. ஆனால் கைகுலுக்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் வினை தொடங்குகிறது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு செய்தியும் சட்டகங்களாக வரும். ஒரு செய்தியைப் பல துண்டுகளாக்கி அனுப்பலாம். அத்துண்டுகளுக்கு நடுவே 'உயிரோடிருக்கிறாயா' என்று கேட்கும் பிங் சட்டகமும் புகலாம். உலாவியிலிருந்து வருபவை அனைத்தும் நான்கு பைட் திறவால் மறைக்கப்பட்டிருக்கும். எழுத்துச் செய்தி என்று குறிக்கப்பட்டது எதுவாயினும், முழுச் செய்தியாகச் சேர்த்துப் பார்க்கையில் பிழையற்ற யுடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெறுபவர் இணைப்பை முறித்துவிட வேண்டும். அதற்கென 1007 என்ற தனி எண்ணே ஒதுக்கப்பட்டுள்ளது. இது ஆவணம் விதிக்கும் கட்டாயம், யாருடைய விருப்பத்துக்கும் விடப்பட்டதன்று.

இனி என் கதை.

தில்லித் தமிழரின் பேச்சில், இரண்டாம் மூன்றாம் தலைமுறையில் இந்தி கலக்கும் முறையைப் பதிவு செய்வது என் ஆய்வின் ஒரு பகுதி. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் தொடக்கத்தில் இடிக்கப்பட்டதும், தகுதி பெற்ற குடும்பங்களுக்கு நகரின் வடகோடியான நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே. அப்படிச் சென்ற ஒரு குடும்பத்தின் மூத்த பெண்மணியிடம் பேசுவதற்காக ஒரு கருவி செய்திருந்தேன். பவர் பேங்கில் ஓடும் இஎஸ்பி32 பலகை ஒன்று தானே வைஃபை வலையமைக்கும், தானே வலைப்பக்கம் பரிமாறும். இணையம் தேவையில்லை. என் கைப்பேசியும் உதவியாளரின் கைப்பேசியும் அதனுடன் இணையும். அவர் கேட்டுத் தட்டச்சிடுவது உடனுக்குடன் என் திரையில் தோன்றும், பலகையில் கோப்பாகவும் சேமிக்கப்படும். பேச்சில் ஒருவர் சொல் மற்றவர் சொல்லின்மேல் ஏறும் இடங்களை வரிசை மாறாமல் குறிக்க, நொடிக்கொருமுறை கதவைத் தட்டும் முறை போதாது. ஆகவே வெப்சாக்கெட். நான் எடுத்துக்கொண்ட எச்டிடிபி நூலகத்தின் சிறப்பம்சப் பட்டியலில் 'வெப்சாக்கெட் ஆதரவு உண்டு' என்று ஒரு வரி இருந்தது. நூலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயர் இங்கே முக்கியமில்லை, இந்த நோய் பல நூலகங்களில் உண்டு.

அந்த அம்மாள் ஒரு கட்டத்தில், "ரெக்கார்டர அணைச்சிடு தம்பி, எழுதிக்கோ, போதும்" என்றார். யாருக்கு வீடு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் என்பதைத் தம் குரலில் பதிய அவருக்கு விருப்பமில்லை. அணைத்தேன். உதவியாளர் தட்டச்சிட்டார். பேச்சின் ஓட்டத்தை முறிக்க வேண்டாம் என்று நீளமான பகுதியொன்றை ஒரே மூச்சில் அடித்து அனுப்பினார். என் திரையில் இணைப்பு அறுந்தது. மீண்டும் இணைத்தேன். அடுத்த செய்தி வந்தது. வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். இரவு அறைக்கு வந்து கோப்பைத் திறந்தால், அந்தப் பகுதி 1,024ஆவது பைட்டில் நின்றிருந்தது. கடைசியில் ஒரு கருநிறச் சாய்சதுரம், அதனுள் வினாக்குறி. மீதியை நூலகம் எங்கோ வீசிவிட்டிருந்தது. ஒலிப்பதிவு இல்லை. நினைவிலிருந்து எழுதுவதை மொழியியல் தரவென்று கொள்ள இயலாது.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். நூலகத்தைச் சோதித்தபோது நான் அனுப்பியது 'ஹலோ' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல். அது போயிற்று, வந்தது, மகிழ்ந்தேன். தமிழாய்வாளன் தமிழில் ஒரு பத்தியை அனுப்பிச் சோதிக்கத் தோன்றாமல் போனதற்கு யாரைக் குறை சொல்வது? ஆனால் என்னைக் குறை சொல்லிவிட்டு நூலகத்தை விடுவிக்க முடியாது. ஏனெனில் இங்கே நடந்தது விபத்தன்று. எண்கணிதப்படி நடந்தே தீர வேண்டியது.

கணக்கு எளியது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கிய குறியெண் ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட் கொள்ளும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறியெண். கம்பி வழியே போகும்போது 15 பைட். நிரலாளர்களோ பஃபர்களை 512, 1,024, 2,048, 4,096 என்று இரண்டின் அடுக்குகளாகவே அமைப்பார்கள். இரண்டின் எந்த அடுக்கும் மூன்றால் வகுபடாது. எனவே தொடர்ச்சியான தமிழ் எழுத்தோட்டம் ஒன்று பஃபரின் விளிம்பைத் தொடும்போதெல்லாம், ஒரு குறியெண் நடுவில் வெட்டுப்பட்டே தீரும். சொற்களுக்கிடையே உள்ள வெற்றிடமும் நிறுத்தக்குறிகளும் ஒற்றைப் பைட் என்பதால் சில வேளை தப்பலாம். ஆங்கிலத்துக்கு இந்த ஆபத்தே இல்லை, எங்கே வெட்டினாலும் முழு எழுத்தில்தான் கத்தி விழும். செய்தி பாதியில் நின்றாலும் படிக்க முடியும், இணைப்பும் அறாது. ஆகவே ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

இன்னொன்று. 1,024 பைட்டில் ஆங்கிலம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சொற்களை அடக்கும். தமிழ் நாற்பது சொற்களை அடக்கினால் அதிகம். வெப்சாக்கெட் சட்டகத்தின் தலைப்பில் நீளத்தைக் குறிக்க ஏழு பிட்தான் உண்டு. 125 பைட் வரை அதிலேயே எழுதலாம். அதைத் தாண்டினால் வேறு வடிவம், 65,535ஐத் தாண்டினால் மற்றொரு வடிவம். முதல் வடிவத்தை மட்டும் எழுதிவிட்டு 'பிறகு பார்க்கலாம்' என்று விட்ட நிரல்களை நானே கண்டிருக்கிறேன். 125 பைட் என்பது தமிழுக்கு 41 குறியெண், அதாவது நாலைந்து சொல். ஒரு வாக்கியம் முடிவதற்குள் தமிழன் அந்த எல்லையைக் கடந்துவிடுவான். இணைப்பை முடிக்கும்போது காரணம் சொல்ல ஆவணம் 123 பைட் இடம் தருகிறது. 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்பதற்கே 73 பைட் போய்விடுகிறது. அதே பொருளை ஆங்கிலம் 17 பைட்டில் சொல்லிவிடும். அரைகுறையாகக் கட்டிய பாலத்தில் முதலில் விழுபவர் யார் என்பதை இந்த எண்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

இதைத் தமிழரின் தனிக்குறை என்று எண்ண வேண்டாம். கான் மார்க்கெட் அருகே சுப்பிரமணிய பாரதியின் பெயரால் ஒரு சாலை உண்டு. புதுதில்லியின் தெருப்பலகைகள் ரோமன், தேவநாகரி, குர்முகி, உருது என நான்கு எழுத்துகளில் பெயரைத் தாங்கி நிற்பவை. (அந்தப் பலகையில் பாரதி எழுதிய எழுத்து மட்டும் இராது. அது வேறு கதை.) 'பாரதி' என்ற பெயரை ரோமனில் ஏழு எழுத்தாக எழுதினால் ஏழு பைட். உருதுவில் ஆறு எழுத்து, 12 பைட். தேவநாகரியில் 15, குர்முகியில் 15, தமிழில் எழுதியிருந்தால் அதுவும் 15. தில்லியின் ஆட்சிமொழி இந்தி. உருதும் பஞ்சாபியும் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாம் ஆட்சிமொழிகள். ஆக, யுடிஎஃப்-8 சரிபார்ப்பு ஆடம்பரம் என்று இந்த நகரத்தில் அமர்ந்துகொண்டு ஒருவர் சொல்வாரானால், அவர் வீட்டுக்குப் போகும் வழியிலுள்ள பலகைகளில் நான்கில் மூன்றை ஆடம்பரம் என்கிறார்.

எதிர்த்தரப்பின் வாதங்களை அவற்றின் வலுவோடு எடுத்துக்கொள்வது முறை. மூன்று கேட்டிருக்கிறேன்.

எச்டிடிபி நூலகம் எச்டிடிபியை மட்டும் செய்யட்டும், வெப்சாக்கெட் வேறொரு நெறிமுறை, அதற்குத் தனி நூலகம் இருக்கட்டும் என்பது முதலாவது. இதில் எனக்குப் பெரிதும் உடன்பாடு உண்டு. குனூவின் லிப்மைக்ரோஎச்டிடிபி நெடுங்காலம் இந்த வழியில்தான் நின்றது. இணைப்பை மேம்படுத்தும் வேண்டுகோள் வந்தால் அந்தச் சாக்கெட்டை அப்படியே உங்கள் கையில் தந்து, 'இனி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்' என்று ஒதுங்கிக்கொள்ளும். நேர்மையான ஒதுங்கல் அது. செய்யாததைச் செய்ததாகச் சொல்லவில்லை. பயன்படுத்துபவர் தாமே எழுதவோ வேறு நூலகம் தேடவோ வேண்டும் என்பதை அறிந்தே இறங்குகிறார். எனக்கு வாய்த்த நூலகம் இப்படி ஒதுங்கியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேன், அந்த அம்மாளின் சொற்களும் பிழைத்திருக்கும். ஒன்றும் செய்யாத நூலகத்தால் எனக்கு நட்டமில்லை. பாதி செய்துவிட்டுப் பட்டியலில் முழுதாகப் பதிந்துகொண்ட நூலகத்தால்தான் நட்டம்.

இரண்டாவது, வழங்கியிலிருந்து மட்டும் செய்தி போனால் போதுமென்றால் எச்டிடிபிக்குள்ளேயே 'சர்வர் சென்ட் ஈவன்ட்ஸ்' இருக்கிறதே என்பது. உண்மை. ஆய்வகச் சுவரில் காற்றின் மாசளவைக் காட்டும் கருவிக்கு அதுவே மேல். நவம்பர் மாதத் தில்லியில் அந்த எண்ணுக்கு நாம் பதில் சொல்லப்போவதில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டு இருமத்தான் போகிறோம். ஆனால் இருவர் இருபுறமிருந்தும் எழுதும் இடத்துக்கு அது போதாது.

மூன்றாவதுதான் நான் எதிர்க்க வந்தது. "சில்லில் இடமில்லை, ஆகவே கைகுலுக்கலையும் சட்டகம் பிரிப்பதையும் நாங்கள் செய்கிறோம், எழுத்து சரியா என்பதைப் பயன்படுத்துபவர் பார்த்துக்கொள்ளட்டும்." இடமில்லை என்பது பொய்யான காரணம். இஎஸ்பி32இல் 520 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. பியோர்ன் ஹோர்மன் என்பவர் எழுதிப் பலரும் எடுத்தாளும் யுடிஎஃப்-8 பகுப்பான் ஒன்று உண்டு. அதன் அட்டவணை 400 பைட்டுக்கும் குறைவு, நிரல் சில வரிகள். முழுச் செய்தியையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பைட்டுகள் வர வர ஒவ்வொன்றாக ஊட்டினால் போதும். இணைப்பு ஒன்றுக்கு ஒரேயொரு சிறு எண்ணை, இப்போது எழுத்தின் எத்தனையாவது பைட்டில் நிற்கிறோம் என்பதை, நினைவில் வைத்திருந்தால் துண்டுகளுக்கு நடுவே வெட்டுப்பட்டாலும் கணக்குத் தவறாது. இடப் பஞ்சம் உண்மையில் வேறிடத்தில் இருக்கிறது. அதே சில்லுக்கு எஸ்பிரெசிஃப் நிறுவனம் தரும் எச்டிடிபி வழங்கி இயல்பமைப்பில் ஏழு சாக்கெட்டுகளையே திறந்து வைக்கும். வெப்சாக்கெட் என்பது பிடித்த சாக்கெட்டை விடாதது என்பதால் எட்டாவது கைப்பேசிக்கு இடமில்லை. அதைப் பற்றி ஆவணத்தில் எழுதி எச்சரிப்பது நியாயம். 400 பைட்டைக் காரணம் காட்டுவது நியாயமன்று.

'பயன்படுத்துபவர் பார்த்துக்கொள்ளட்டும்' என்பதோ காரணம்கூட அன்று. துண்டுகளைச் சேர்ப்பதும் நீளம் எண்ணுவதும் நூலகத்தின் உள்ளே நடப்பவை. வெட்டிய இடம் நூலகத்துக்குத் தெரியும், என் நிரலுக்குத் தெரியாது. என் கைக்கு வரும்போது '1,024 பைட் கொண்ட முழுச் செய்தி' என்ற முத்திரையுடன் வருகிறது. கவனியுங்கள், துண்டாக்குவதை ஆவணம் தடை செய்யவேயில்லை. எழுத்தின் நடுவிலேயே துண்டாக்கலாம், 'இது தொடரும்' என்று தலைப்பில் ஒரு பிட் சொன்னால் போதும். துண்டை முழுமை என்று சொல்வதுதான் குற்றம். அந்தப் பொய்யை நம்பி நான் அதை அடுத்த கைப்பேசிக்கு அனுப்பினேன், அங்கிருந்த உலாவி விதிப்படி இணைப்பை முறித்தது. இந்தச் சங்கிலியில் விதியைக் காத்தது உலாவி ஒன்றே. நான் முதலில் திட்டியதும் அதைத்தான்.

கூட்டத்தில் இன்னொரு குரலும் எழுந்திருக்கக்கூடும்: "அப்படியானால் நூலகம் தொல்காப்பியமும் படிக்க வேண்டுமா? ககரத்தையும் ஒகரக் குறியையும் பிரித்து வெட்டினால் அதுவும் பிழைதானே?" மொழியியலாளருக்குப் பிழைதான். ஆனால் அந்த வெட்டு யுடிஎஃப்-8 விதியை மீறுவதில்லை. இரு துண்டையும் ஒட்டினால் 'கொ' மீண்டும் கிடைத்துவிடும். எழுத்து என்றால் என்ன என்பது பயன்பாட்டு நிரலின் கவலை, பைட்டுகள் குறியெண்ணாகுமா என்பது நூலகத்தின் கவலை. எல்லைக் கோடு அங்கேதான். நான் அதற்கு மேல் ஒரு அடியும் கேட்கவில்லை. 2010இல் தமிழ்நாட்டரசு யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்16 குறியாக்கம் இருந்தால் இந்தச் சிக்கலே வராது என்று ஓர் அன்பர் எழுதக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். அதில் உயிர்மெய்க்கு ஒரே குறியெண் என்பதால் 'தமிழ்' 9 பைட்டாகச் சுருங்கும், மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குறியெண்களும் யுடிஎஃப்-8இல் மும்மூன்று பைட்தான். 1,024 அப்போதும் மூன்றால் வகுபடாது.

பாதி ஆதரவு ஏன் ஆபத்து என்பதற்கு மற்றொரு காரணம் உண்டு, நம் துறைக்கு அது நன்றாகப் புரியும். பெருங்கணினிகளில் நூலகம் ஒருமுறை திருத்தப்பட்டால் அதைப் பயன்படுத்தும் எல்லாவற்றுக்கும் திருத்தம் போய்ச் சேர வழியிருக்கிறது. உட்பொதி நூலகங்களின் வாழ்க்கை வேறு. பல நூலகங்கள் ஓரிரு சி மொழிக் கோப்புகளாகவே வருபவை. மங்கூஸ் அப்படித்தான் வருகிறது. நகலெடுத்துத் திட்டத்துக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். 2013இல் மங்கூஸ் தன் உரிமத்தை மாற்றியபோது பழைய எம்ஐடி உரிமப் படியிலிருந்து சிவெட்வெப் கிளை பிரிந்தது. இப்படிப் படியிலிருந்து படி எழுந்து, மூலத்தில் திருத்தியது கிளைக்குப் போகாமல், கிளையில் கண்டது மூலத்துக்கு வராமல் நிற்கும் உலகம் இது. ஓலைச்சுவடி பெயர்த்தெழுதிய ஏட்டாளர்களின் உலகத்தோடு இதை ஒப்பிட்டால் சுவடியியல் நண்பர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஒருவர் விட்ட சீர், அடுத்தடுத்த படிகளில் விடுபட்டதாகவே தெரியாமல் நிலைத்துவிடும். பாடபேதம் பார்க்க நமக்குப் பல சுவடிகள் கிடைக்கின்றன. ஒரு சில்லுக்குள் எரித்துச் சுவரில் மாட்டிவிட்ட நிரலுக்கு யார் பாடபேதம் பார்ப்பார்?

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு தளத்தின் பக்கம் வேறொரு தளத்தின் விடையைப் படிக்கவிடாமல் உலாவி காக்கும் விதி வெப்சாக்கெட்டுக்குப் பொருந்தாது. இணைப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று உலாவி குறித்து அனுப்பும், அதைப் பார்த்து ஏற்பதும் மறுப்பதும் வழங்கியின் கடமை. அந்தக் குறிப்பைப் படிக்கவே வசதி தராத நூலகத்தை வீட்டு வலையமைப்பில் வைத்தால், நீங்கள் திறக்கும் ஏதோ ஒரு பக்கம் உங்கள் கருவியோடு உங்களுக்குத் தெரியாமல் பேசலாம். இதுவும் அந்த 'இருநூறு வரி'க்குள் வராதது.

நான் கேட்பது அதிகமில்லை. வெப்சாக்கெட்டை எச்டிடிபி நூலகத்தில் சேர்ப்பவர் துண்டுகளைத் தாமே சேர்க்கட்டும், அல்லது துண்டைத் துண்டென்று சொல்லி ஒப்படைக்கட்டும். எழுத்துச் செய்தியைப் பைட் பைட்டாகச் சரிபார்க்கட்டும். அது வேண்டாதவர் அணைத்துக்கொள்ள ஒரு விசை இருக்கட்டும், ஆனால் அது இயல்பில் திறந்திருக்கட்டும். இதையெல்லாம் சோதிக்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆட்டோபான் என்ற பெயரில் 500க்கும் மேற்பட்ட சோதனைகள் கொண்ட தொகுப்பு பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கிரேக்கச் சொல்லை ஒவ்வொரு பைட்டாக நறுக்கி அனுப்பிப் பார்க்கும் சோதனைகூட அதில் இருக்கிறது. என் நூலகத்தின்மேல் அதை ஓட்டியிருந்தால் ஒரே மாலையில் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஓட்டாததற்கு இடப் பஞ்சம் காரணமாகுமா? அந்தச் சோதனை ஓடுவது சில்லில் அன்று, மடிக்கணினியில்.

இன்னொன்றும் நம் பக்கத்துக்குச் சொல்ல வேண்டும். மொழியியல் துறைகளில் கருவி என்றால் அடுத்த கட்டிடத்தில் இருப்பவர்கள் செய்து தருவது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. தரவகம் கெட்டுப்போகும் இடம் நம் இடம். சாய்சதுரக் குறிகளைத் தேடி நீக்கிவிட்டுத் 'தூய்மைப்படுத்தினோம்' என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதுகிறோமே, அந்த ஒவ்வொரு குறியின் இடத்திலும் ஒருவர் சொன்ன சொல் ஒன்று இருந்தது. எத்தனைக் குறிகள், எங்கே, எந்தக் கட்டத்தில் நுழைந்தன என்பதை எழுதும் வழக்கம் வந்தாலே நூலகங்கள் மீதான கேள்விகள் தாமே எழும்.

அந்த நூலகத்துக்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதிலில்லை. அதனுடன் சேர்த்த சோதனைக் கோப்பில் தமிழ், தேவநாகரி, குர்முகி, உருது ஆகிய நான்கிலும் 511, 512, 513, 1,023, 1,024, 1,025 பைட் நீளமுள்ள செய்திகள் இருக்கின்றன. வங்காளமும் மலையாளமும் சேர்த்துத் தர யாரேனும் முன்வந்தால் நன்று. வேண்டுவோர் கீழே கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். நரேலாவுக்கு வரும் ஞாயிறு மறுபடி போகிறேன். அதே பகுதியை அந்த அம்மாள் மீண்டும் சொல்வாரா என்பது தெரியவில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இம்முறை உதவியாளரிடம் கோடு போட்ட நோட்டும் இருக்கும்.